கறுப்பு நாய்க்கு வீடு கிடைப்பதில்லையா? நிறமும் தத்தெடுப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

விலங்குக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே இந்த வரி வந்துவிடும்: "கறுப்பா இருந்தா யாரும் எடுக்க மாட்டாங்க." ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு 'பிளாக் டாக் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயரே உண்டு. உடம்பும் பெரிதாக இருந்துவிட்டால் 'பிக் பிளாக் டாக்'. பூனைகளைப் பற்றியும் இதே பேச்சுதான். 2000-க்குப் பிறகு இணையத்தில் பரவி, கறுப்பு விலங்குகளுக்கென்றே விளம்பரம், தள்ளுபடி, சிறப்பு நாள் என்று வளர்ந்துவிட்டது.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது அந்த நம்பிக்கையைத்தான். அது எங்கிருந்து வருகிறது, உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது, எண்ணிய பிறகும் மிஞ்சி நிற்கும் சிறு உண்மையை வைத்துக்கொண்டு ஒரு காப்பகம் என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. நாய்களைவிடப் பூனைகளிடம் அது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. அது பெரும்பாலும் வேலை செய்வது முதல் பார்வையில், அதாவது படத்தைப் பார்க்கும் சில நொடிகளிலும் கூண்டு முன்னால் நடந்து போகும் சில நொடிகளிலும். அந்த நொடிகளை மாற்றுவது காப்பகத்தின் கையில்தான் இருக்கிறது.

எண்ணியவர்கள் கண்டது

2002-இல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வு (லெப்பர், காஸ், ஹார்ட்) ஒரு பொதுக் காப்பகத்தின் ஆயிரக்கணக்கான பதிவுகளை எடுத்து, எந்த விலங்குக்கு வீடு கிடைத்தது, எது கருணைக்கொலைக்குப் போனது என்று பார்த்தது. முழுக் கறுப்பு நிறம் நாய்க்கும் பூனைக்கும் பாதகமாகவே இருந்தது. நம்பிக்கைக்கு ஆதரவாக முதலில் காட்டப்படும் ஆய்வு இதுதான்.

அதற்குப் பின் வந்தவை அவ்வளவு ஒத்துப்போகவில்லை. நியூயார்க் மாநிலத்தில், கருணைக்கொலை செய்யாத இரண்டு காப்பகங்களின் நாய்களைப் பற்றி 2013-இல் வந்த ஆய்வில், நாய் எத்தனை நாள் தங்கியது என்பதற்கும் நிறத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. 2015-இல் ஸ்வபோடா, ஹாஃப்மன் இருவரும் அமெரிக்காவின் இரண்டு காப்பகங்களில் 16,000-க்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். கறுப்பு நாய்கள் தேங்கிக் கிடக்கின்றன என்ற பேச்சுக்கு அங்கேயும் ஆதாரம் இல்லை. இனமும் வயதும்தான் கூடுதலாகப் பேசின.

பூனைகளின் கதை வேறு. கொலராடோவில் நடந்த, 2013-இல் வெளியான ஆய்வில் (கோகன் குழு) கறுப்புப் பூனைகளே அதிக நாள் காத்திருந்தன. பெரும்பாலும் கறுப்பாக இருந்து வேறு நிறமும் கலந்தவை அடுத்த இடம். வித்தியாசம் மாதக்கணக்கில் இல்லை, சில நாட்கள்தான். நியூயார்க்கின் ஒரு காப்பகத்தில் பூனைகளின் தங்கும் காலத்தை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்விலும் நிறம் தன் கைவரிசையைக் காட்டியிருந்தது.

கென்டக்கி காப்பகம்

இந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2020-இல் கரீனி, சின்ஸ்கி, வெபர் மூவரும் வெளியிட்டது. கென்டக்கி மாநிலத்தின் ஒரு நகர்ப்புறப் பொதுக் காப்பகம், சுமார் 8,000 குட்டை முடிப் பூனைகள். எண்ணிக்கையைவிட அவர்கள் கேள்வியைப் பிரித்த விதம்தான் அழகு.

நிறம் ஒரு பூனையின் கதியைப் பாதிக்கிறது என்றால் எந்தக் கட்டத்தில் பாதிக்கிறது? தத்தெடுக்க வருபவர் கறுப்பை ஒதுக்குகிறாரா? அல்லது அதற்கு முன்பே, இந்தப் பூனையைத் தத்துக்கு வைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஊழியரின் கையிலேயே அது நடந்துவிடுகிறதா? இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. அதனால் ஒரே கணக்கை மூன்று வட்டங்களில் போட்டார்கள். முதல் வட்டத்தில் உள்ளே வந்த எல்லாப் பூனைகளும். இரண்டாவதில், ஏற்கனவே இருந்த நோய், காயம் போன்ற காரணங்களால் கருணைக்கொலை செய்யப்பட்டவை நீங்கலாக மற்றவை. மூன்றாவதில், தத்துக்குத் தகுதி என்று ஊழியர்கள் தேர்ந்தவை மட்டும்.

கறுப்புப் பூனைகளுக்கே கருணைக்கொலை அதிகம், தத்து குறைவு. வெள்ளைப் பூனைகளுக்கு நேர் எதிர். மற்ற நிறங்கள் நடுவில். இதுவரை பழைய நம்பிக்கைக்கு வெற்றி. ஆனால் ஆய்வாளர்கள் கூடவே ஒன்றைச் சொல்கிறார்கள்: தொடர்பு இருக்கிறது, அது பலவீனமானது. நிறத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பூனைக்கு என்ன ஆகும் என்று ஊகித்தால் அடிக்கடி தவறும்.

பலவீனமான தொடர்பு என்றால் ஒதுக்கிவிடலாம் என்று பொருளாகாது. ஆயிரக்கணக்கான பூனைகள் வந்துபோகும் இடத்தில் இரண்டு மூன்று சதவீதம்கூடக் கணிசமான உயிர்கள். ஆனால் 'யாரும் எடுக்க மாட்டார்கள்' என்ற பேச்சுக்கும் இதற்கும் வெகுதூரம்.

இன்னொரு பக்கம், 2013 வாக்கில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற அமெரிக்க விலங்கு நல அமைப்பு பல சமூகங்களின் காப்பகத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. கிட்டத்தட்ட 3 லட்சம் நாய், பூனைகள். உள்ளே வந்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கறுப்பு. தத்துப் போனவற்றிலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கறுப்பு. கறுப்புக்கு வீடு கிடைக்காமல் இல்லை. மற்ற எந்த ஒரு நிறத்தையும்விட அதிக எண்ணிக்கையில் வெளியே போகிறது. உள்ளே வருவதும் அதுதான் அதிகம்.

ஏன் இத்தனை கறுப்பு?

மரபணுவில் பதில் இருக்கிறது. நாய்களிடம் கறுப்பு பெரும்பாலும் ஓங்கு பண்பு. பெற்றோர் இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே குட்டி கறுப்பாகிவிட வாய்ப்பு அதிகம். இதற்குக் காரணமான மரபணுவை 2007-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால் அது வழக்கமான நிற மரபணுக்களின் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. நோய் எதிர்ப்போடு தொடர்புடைய ஒரு புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் கறுப்பு ஓநாய்களுக்கு அந்த நிறம் நாய்களோடு கலந்ததால் வந்தது என்று 2009-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. கலப்பின நாய்கள் நிறைந்த காப்பகத்தில் கறுப்பு அதிகமாக இருப்பதில் வியப்பே இல்லை.

பூனைகளிடம் நேர்மாறு. அங்கே முழுக் கறுப்பு ஒடுங்கு பண்பு. இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வரி மறைந்து கறுப்பு வரும். ஆனாலும் அந்த மரபணு தெருப் பூனைகளிடம் அவ்வளவு பரவலாக இருப்பதால் கறுப்புக்குக் குறைவில்லை. செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் (ஆணிடம் ஒன்று, பெண்ணிடம் இரண்டு) இருப்பதால் அந்த நிறப் பூனைகளில் பெரும்பாலானவை ஆண். செம்மஞ்சளும் கறுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்தவை அநேகமாக எல்லாமே பெண். இது தரவைப் படிப்பவருக்கு ஒரு கண்ணி: செம்மஞ்சள் பூனை சீக்கிரம் போனால் போனது நிறத்துக்காகவா, ஆண் பூனை என்பதற்காகவா?

கண் சொல்லும் சாட்சி

இத்தனை காப்பக ஊழியர்கள் ஒரே பேச்சைப் பேசுகிறார்களே, அவர்கள் எல்லாரும் கற்பனையா செய்கிறார்கள்? இல்லை. அவர்கள் பார்ப்பது உண்மை. அதற்குச் சொல்லும் காரணம்தான் சந்தேகம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு காப்பகத்துக்கு வாரம் 10 நாய்கள் வருகின்றன, அதில் 3 கறுப்பு என்று வைத்துக்கொள்வோம். எல்லா நாயும் சராசரியாக 24 நாளில் வெளியே போய்விட்டால், எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் கூண்டுகளில் சுமார் 30 சதவீதம் கறுப்பு இருக்கும். இப்போது கறுப்பு மட்டும் 6 நாள் கூடுதலாக, 30 நாள் தங்குகிறது என்று மாற்றுவோம். 3-ஐ 30-ஆல் பெருக்கினால் 90, 7-ஐ 24-ஆல் பெருக்கினால் 168. கூண்டில் கறுப்பின் பங்கு 35 சதவீதமாகிறது.

30-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசத்தை யாராலும் கண்ணால் பிடிக்க முடியாது. நடைபாதையில் போகிறவர் கண்ணில் படுவது 'நிறைய கறுப்பு நாய்' என்பது மட்டும்தான், தாமதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதோடு, கறுப்பல்லாத மீதி 70 சதவீதத்தை நாம் பழுப்பு, வெள்ளை, சந்தனம், சாம்பல், புள்ளி, வரி என்று துண்டு துண்டாக எண்ணுகிறோம். கறுப்பு மட்டும் ஒரே பெரிய கூட்டமாக நிற்கிறது. ஆறு மாதமாகக் கிடக்கும் நாய்கள் நான்கு இருந்தால், அதில் ஒன்றோ இரண்டோ கறுப்பாக இருப்பது சாதாரண விஷயம். அந்த இரண்டைத்தான் மனம் பிடித்து வைத்துக்கொள்கிறது.

நிறத்தோடு வேறு பண்புகளும் சேர்ந்து வரும் குழப்பமும் உண்டு. லாப்ரடார் கலப்புகளில் பல கறுப்பு, அவை உடம்பிலும் பெரியவை. பெரிய நாயை வைத்துக்கொள்ள எல்லா வீட்டிலும் இடமில்லை. புலிவரி நிறம் பிட்புல் (அகன்ற தாடை கொண்ட, முரட்டு நாய் என்று பெயர் வாங்கிய வகை) சாயல் நாய்களிடம் அடிக்கடி வரும்; மக்கள் ஒதுங்குவது வரியைப் பார்த்தா, தாடையைப் பார்த்தா? மார்பில் வெள்ளைத் திட்டு உள்ள நாயை ஒரு ஊழியர் கறுப்பு என்று எழுதுவார், இன்னொருவர் கறுப்பு வெள்ளை என்று எழுதுவார். பதிவேட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும்.

படத்தில் பார்க்கும் முகம்

அப்படியானால் மிஞ்சும் அந்தச் சிறு பாதகம் எங்கிருந்து வருகிறது? ஆய்வகத்தில் நடந்த சில சோதனைகள் வழி காட்டுகின்றன.

2013-இல் ஃப்ராட்கின், பேக்கர் இருவரும் ஒரே நாயின் படத்தை எடுத்து நிறத்தையும் காதையும் மட்டும் மாற்றிக் காட்டினார்கள். மஞ்சள் நிறத்தில் பார்த்தவர்கள் அந்த நாயை இணக்கமானது, நிதானமானது என்றார்கள். கறுப்பாகப் பார்த்தவர்கள் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. நாய் ஒன்றுதான். தொங்கும் காதும் விறைத்த காதும்கூட இதேபோல் கருத்தை மாற்றின.

பூனைகளைப் பற்றி டெல்காடோ குழு 2012-இல் கேட்டபோது, செம்மஞ்சள் பூனை என்றால் நட்பானது, வெள்ளை என்றால் ஒட்டாதது என்று மக்கள் தயங்காமல் குணம் சொன்னார்கள். ஒட்டாதது என்று சொல்லப்படும் வெள்ளைப் பூனைதான் கென்டக்கியில் அதிகம் தத்துப் போனது! வாயால் சொல்வதும் கையால் எடுப்பதும் ஒன்றில்லை.

2020-இல் வந்த ஜோன்ஸ், ஹார்ட் ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. கறுப்புப் பூனைகளை மக்கள் ஆக்ரோஷமானவையாகப் பார்க்கிறார்கள், எடுத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள் என்று கண்டபின், யார் அதிகம் தயங்குகிறார்கள் என்று தேடினார்கள். மத ஈடுபாட்டுக்குத் தொடர்பில்லை. மூடநம்பிக்கை உள்ளவர்களிடம் தயக்கம் கூடுதல், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கூடவே இன்னொரு காரணமும் வந்தது: கறுப்புப் பூனையின் முகத்தில் உணர்ச்சியைப் படிக்க முடியவில்லை என்பவர்களும் அதிகம் தயங்கினார்கள்.

இந்த இரண்டாவது காரணத்தைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். மூடநம்பிக்கையைக் காப்பகம் மாற்ற முடியாது. ஒரு நாட்டில் கறுப்புப் பூனை சாபம், ஜப்பானில் அதே பூனை அதிர்ஷ்டம், இதையெல்லாம் வாசலில் நின்று விவாதிக்க முடியுமா? முகம் தெரியவில்லை என்பது மட்டும் சரிசெய்யக்கூடிய குறை. அது வெளிச்சத்தின் பிரச்சினை.

கேமரா எதையும் சராசரிச் சாம்பல் நிறமாகக் கருதித்தான் வெளிச்சத்தை அளக்கிறது. வெயில் அடிக்கும் பின்னணியில் கறுப்பு நாயை நிறுத்தினால், பின்னணியைக் காப்பாற்றப் படத்தை இருட்டாக்கிவிடும். நாய் கண்ணில்லாத நிழலாகிவிடும். நாயே படம் முழுக்க நிறைந்திருந்தால், இருட்டாக இருக்கிறதே என்று தானாகக் கூட்டிவிடும். கறுப்பு வெளிறிப்போய்ச் சாம்பலாகும். இரண்டிலும் போவது முகம்தான். செல்போனில் முகத்தின்மேல் விரலால் தட்டி, பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து எடுப்பது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். நேர் வெயிலைவிடத் திறந்த நிழல் நல்லது. விலங்கு வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போது கண்ணில் ஒரு ஒளிப்புள்ளி விழும், முகத்துக்கு உயிர் வந்துவிடும். நேரடி ஃபிளாஷ் வேண்டாம், கண் பச்சையாக எரியும். பின்னணி வெளிர் நிறமாகவோ பளிச்சென்ற ஒரே நிறமாகவோ இருக்கட்டும். கழுத்தில் ஒரு வண்ணத் துணி கட்டினால் தலை எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்பதாவது தெரியும்.

கூண்டுக்கும் இதே கணக்கு. வரிசைக் கடைசியில், விளக்கு எட்டாத மூலையில், கருஞ்சாம்பல் விரிப்பின்மேல் படுத்திருக்கும் கறுப்புப் பூனை வருபவர் கண்ணுக்குக் காலிக் கூண்டு. விரிப்பை வெளிர் நிறமாக மாற்றுவதற்கு எந்தத் திட்டமும் குழுக் கூட்டமும் தேவையில்லை.

2014-இல் பிரிட்டனில், செல்ஃபியில் நன்றாக விழாததால் கறுப்புப் பூனைகளை மக்கள் ஒதுக்குகிறார்கள் என்று ஒரு செய்தி பெரிதாக ஓடியது. கேலிக்கு ஆளானது, அது நியாயமும்தான். பூனையை வளர்ப்பது செல்ஃபிக்காக இல்லை. ஆனால் தத்தெடுப்புப் பக்கத்தில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்குப் படம்தான் முதல் அறிமுகம் என்பதை அந்தக் கேலி மறைத்துவிட்டது.

நிறத்தைவிடப் பெரியவை

நாய்க்கூண்டு முன்னால் என்ன நடக்கிறது என்று புரோட்டோபோபோவா, வின் இருவரும் வேறு சிலரோடு சேர்ந்து செய்த ஆய்வுகள் இங்கே முக்கியம். தத்தெடுக்க வருபவர் பெரும்பாலும் ஒரே ஒரு நாயைத்தான் வெளியே எடுத்துப் பார்க்கிறார், அதுவும் சராசரியாக எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் இரண்டு விஷயங்கள் முடிவைத் தீர்மானித்தன: நாய் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டதா, அவர் விளையாடக் கூப்பிட்டபோது கண்டுகொள்ளாமல் இருந்ததா. இதில் பயிற்சிக்கு இடமிருக்கிறது. அந்த நாய்க்குப் பிடித்த பொம்மை எது என்று முன்பே தெரிந்துவைத்து, சின்ன இடத்தில், கவனம் சிதறாமல் சந்திக்க வைத்தால் வாய்ப்புக் கூடும்.

பெயர்ப்பலகையின் சக்தி அதைவிடப் பயங்கரம். 2016-இல் கண்டர் குழு, பிட்புல் என்று எழுதப்பட்ட நாய்களையும், பார்க்க அதேபோல் இருந்தாலும் வேறு இனப் பெயர் எழுதப்பட்ட நாய்களையும் ஒப்பிட்டது. முதல் கூட்டம் மூன்று மடங்குக்கும் மேல் காத்திருந்தது. இனப் பெயரை அட்டையிலிருந்து எடுத்துவிட்ட ஒரு ஃப்ளோரிடா காப்பகத்தில் எல்லா வகை நாய்களுக்கும் தத்தெடுப்பு கூடியது. நிறத்தைப் பற்றிப் பேசுவதில் செலவழிக்கும் ஆற்றலில் கால்வாசியை அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில் செலவழித்தால் பலன் அதிகம் என்பது என் கணிப்பு.

மக்கள் விரும்பி எடுக்கும் வெள்ளைக்குத்தான் உடல்நலத்தில் சில உண்மையான கேள்விகள் உண்டு. இரு கண்ணும் நீலமான முழு வெள்ளைப் பூனைகளில் 65 முதல் 85 சதவீதம் காது கேளாதவை. வெள்ளைக் காது நுனியில் வெயிலால் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். வெள்ளை உடம்பில் புள்ளிகள் கொண்ட டால்மேஷன் நாய்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதிலாவது கேட்காது. கறுப்புக்கு இந்த அளவுக்குப் பரவலான சிக்கல் இல்லை. வெயிலில் முடி கொஞ்சம் செம்பட்டையாகலாம். இதற்காக வெள்ளையை ஒதுக்கச் சொல்லவில்லை. எடுத்துக்கொள்பவரிடம் சொல்லியனுப்ப வேண்டும்.

நல்லெண்ணத்தில் நடக்கும் தவறுகள்

அக்டோபர் மாதம், பேய், சூனியக்காரி வேடமிடும் ஹாலோவீன் பண்டிகைச் சமயத்தில், கறுப்புப் பூனைகளைத் தத்துக் கொடுக்காமல் நிறுத்திவைக்கும் வழக்கம் பல அமெரிக்கக் காப்பகங்களில் இருந்தது. யாராவது சித்திரவதை செய்துவிடுவார்களோ என்ற பயம். அப்படிப்பட்ட ஒரு போக்குக்குச் சான்று இல்லை என்று இப்போது பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஏற்கனவே சில நாள் கூடுதலாகக் காத்திருக்கும் விலங்கை, காப்பகமே பல வாரம் பூட்டிவைப்பது என்ன பாதுகாப்பு?

தள்ளுபடி கொஞ்சம் சிக்கலான விஷயம். கட்டணமே வாங்காமல் கொடுத்த பூனைகளிடம் எடுத்தவர்களின் பாசம் குறைவதில்லை என்று வைஸ், கிராமன் இருவரின் 2009 ஆய்வு காட்டியது. ஆகவே இலவசம் என்பதால் விலங்கின் மதிப்பு குறையும் என்று பயப்பட வேண்டாம். என் ஆட்சேபம் வேறு. 'கறுப்புக்கு மட்டும் பாதிக் கட்டணம்' என்று பலகை மாட்டினால், இவை விலைபோகாத சரக்கு என்று வருபவருக்கு நாமே சொல்லிக்கொடுக்கிறோம். அதுவரை நிறத்தைப் பற்றி யோசிக்காதவரும் அப்புறம் யோசிப்பார்.

தள்ளுபடி கொடுக்கும் முன் காப்பகம் தன் பதிவேட்டையே எண்ணிப் பார்க்கட்டும். உள்ளே வந்த தேதி, தத்துக்கு வைத்த தேதி, வெளியே போன தேதி மூன்றும் தனித்தனியாக வேண்டும். மருத்துவத்துக்காகத் தங்கிய நாளும் ஆள் வராமல் தங்கிய நாளும் ஒன்றில்லை. சராசரி எடுத்தால் ஒரு வருடம் கிடந்த ஒரே நாய் கணக்கைக் கெடுத்துவிடும். வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுப்பது நல்லது. குட்டிகளையும் வளர்ந்தவற்றையும் பிரித்துப் பார்க்காத கணக்குக்கு மதிப்பே இல்லை, ஏனென்றால் குட்டி எந்த நிறத்திலும் பறந்துவிடும். இன்னும் கூண்டில் இருப்பவற்றை விட்டுவிட்டு, போனவற்றை மட்டும் எண்ணினால், மிக அதிகமாகக் காத்திருப்பவை கணக்கிலேயே வராமல் போய்விடும்.

கட்டணத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் காத்திருந்த நாளை வைத்துக் குறைக்கலாம். குறிப்பிட்ட நாட்களைத் தாண்டிய எந்த விலங்குக்கும் பாதிக் கட்டணம், நிறம் எதுவானாலும். கறுப்பு உண்மையிலேயே பின்தங்குகிறது என்றால் அந்தப் பட்டியலில் தானாகவே அதிகமாக இடம்பிடிக்கும். பின்தங்கவில்லை என்றால், அந்த உதவி வயதான நாய்க்கோ கூச்ச சுபாவமுள்ள பூனைக்கோ போய்ச் சேரும்.